ஸ்டேட் என்றால் மாநிலமா, அரசா? அரசியல் அறிவியல் மாணவருக்கு ஓர் ஆங்கில வழிகாட்டி

தமிழ்வழியில் பி.ஏ. முடித்து, எம்.ஏ. அரசியல் அறிவியலில் சேர்ந்த முதல் மாதம். அகராதியும் கையுமாக மூன்று இரவு உட்கார்ந்து பத்துப் பக்கக் கட்டுரை ஒன்றை எழுதிக் கொடுத்தேன். திரும்பி வந்த தாளில் ஒரே சொல்லைப் பேராசிரியர் பதினோரு இடங்களில் வட்டமிட்டிருந்தார்: 'கவர்ன்மென்ட்'. இலக்கணப் பிழைகள் ஏராளம். அவற்றில் ஒன்றைக்கூட அவர் தொடவில்லை. ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி மட்டும் இருந்தது: "கவர்ன்மென்ட்டா, ஸ்டேட்டா?" எனக்கு அன்றைக்கு இரண்டும் அரசுதான். ஒன்றை எழுதி அலுத்தால் மற்றதை எழுதுவேன்.

அந்தக் கேள்வியின் கனம் புரிய ஓராண்டு பிடித்தது. ஆங்கிலம் வராது என்று பயப்படும் மாணவர்கள் முதலில் ஓடுவது இலக்கணப் புத்தகத்துக்கும் 'முப்பது நாளில் ஆங்கிலம்' வகைக்கும்தான். பிழையில்லாத ஆங்கிலம் நல்லதே. ஆனால் காலம் காட்டும் வினை இரண்டு இடத்தில் தவறினாலும் கட்டுரை நிற்கும். இந்தச் சொல் எதைக் குறிக்கிறது, இந்தக் கருத்தை யார் சொல்கிறார், எவ்வளவு உறுதியோடு சொல்கிறார் என்ற மூன்றில் பிசகினால் நிற்காது. தமிழ்வழியில் படித்து வந்து, ஆங்கிலத்தில் அரசியல் அறிவியல் படிக்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாளுக்கு ஒரு மணி நேரம், ஒரு செமஸ்டர் ஒதுக்க முடிந்தால் போதும்.

1. இரட்டைச் சொல் நோட்டு

இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். இது பொருள் எழுதும் நோட்டு அல்ல. தமிழில் நமக்கு ஒரே சொல்லாகக் கேட்கும் இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒரே பக்கத்தில் எழுதி, ஒன்று பொருந்தி மற்றது பொருந்தாத வாக்கியம் ஒன்றைக் கீழே எழுதிவைக்கும் நோட்டு.

முதல் பக்கம் 'ஸ்டேட்', 'கவர்ன்மென்ட்'. 1967 மார்ச் 6 அன்று அண்ணா பதவியேற்றார். அன்றைக்கு மாறியது 'கவர்ன்மென்ட்'. கோட்டையில் இருந்த தலைமைச் செயலகம், போலீஸ், நீதிமன்றம், வரி வசூல் எல்லாம் அதே இடத்தில் அப்படியே இருந்தன, அவை 'ஸ்டேட்'. தேர்தலில் தோற்றால் முன்னது போகும், பின்னது போகாது. போதாக்குறைக்கு, இந்தியாவில் 'ஸ்டேட்' என்றால் மாநிலம் என்றும் பொருள். எந்த 'ஸ்டேட்' என்பதை இடம் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். மொழிபெயர்ப்புச் செயலியிடம் 'ஸ்டேட் வயலன்ஸ்' என்று கொடுத்தால் 'மாநில வன்முறை' என்று வந்து நிற்பது இதனால்தான். அரசே தன் குடிமக்கள்மீது நடத்தும் வன்முறையைப் பற்றிய கட்டுரை, ஏதோ ஒரு மாநிலத்தின் கலவரக் கதையாகிவிடும்.

அடுத்த பக்கம் 'பவர்', 'அதாரிட்டி'. இரண்டையும் அதிகாரம் என்றே பழகிவிட்டோம். சந்தையில் மாமூல் கேட்கும் ரவுடியிடம் இருப்பது 'பவர்' மட்டும். ரசீது கிழித்துக் கொடுக்கும் நகராட்சி ஊழியரிடம் இருப்பது 'அதாரிட்டி'. இருவருக்கும் கடைக்காரர் பணம் தருகிறார். ஒருவருக்கு அஞ்சி, மற்றவருக்குக் கேட்கும் உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்டு.

'லீகல்', 'லெஜிடிமேட்' அடுத்த இணை. 1975 ஜூன் 25 அன்று நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது அரசமைப்பின் 352ஆம் உறுப்பின்படி. குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார். ஆகவே அது சட்டப்படியானது என்று வாதிட இடமுண்டு. அதை மக்கள் மனதார ஏற்றார்களா என்பது வேறு கேள்வி, அதுதான் 'லெஜிடிமசி'. 1977 தேர்தலில் இந்திரா காந்தி தம் சொந்தத் தொகுதியான ரேபரேலியிலேயே தோற்றதை வைத்து அந்தக் கேள்வியை விவாதிக்கலாம். இரண்டுக்கும் 'சட்டபூர்வம்' என்றே தமிழில் எழுதிப் பழகியவர்களுக்கு இப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியாமல் போய்விடுகிறது.

தமிழில் ஏற்கெனவே அழுத்தமான பொருளோடு குடியேறிவிட்ட சொற்கள் இன்னும் ஆபத்தானவை. 'ரேஷனல்' என்றதும் நமக்குப் பகுத்தறிவு, பெரியார், கடவுள் மறுப்பு என்று வரிசையாக நினைவுக்கு வரும். 'ரேஷனல் சாய்ஸ்' கோட்பாட்டில் அந்தச் சொல்லுக்கு அந்தப் பொருள் கிடையாது. தனக்கு வேண்டியது எது என்று தெரிந்து, அதை அடையக் குறைந்த செலவில் வழி தேடுகிறவர் அங்கே 'ரேஷனல்'. தினமும் கோயிலுக்குப் போகிறவரும் அப்படிப்பட்டவராக இருக்கலாம். 'கம்யூனல்' என்ற சொல்லும் அப்படித்தான். இன்றைய இந்தியச் செய்தித்தாளில் அது மதவாதம். ஆனால் நீதிக்கட்சி ஆட்சியில் 1921இல் வந்த 'கம்யூனல் ஜி.ஓ.'வை மதவாத ஆணை என்று மொழிபெயர்த்தால் வரலாறே தலைகீழாகிவிடும். அது அரசு வேலைகளைப் பல சமூகங்களுக்கும் பங்கிட வந்த வகுப்புவாரி உரிமை ஆணை. ஒரே சொல், காலமும் இடமும் மாறியதும் வேறு பொருள். நோட்டில் இப்படிப்பட்ட சொல்லுக்குப் பக்கத்தில் ஆண்டையும் இடத்தையும் குறித்துவையுங்கள்.

இதற்கு அப்பால், எல்லாத் துறைக்கும் பொதுவான கல்விச் சொற்களுக்குத் தனி முயற்சி வேண்டும். நியூசிலாந்து மொழியியலாளர் ஆவரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் இருக்கின்றன. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். நாளுக்கு ஐந்து என்றால் 114 நாள். அதன் முதல் அறுபதிலேயே 'அதாரிட்டி', 'கான்ஸ்டிட்யூட்', 'லீகல்', 'லெஜிஸ்லேட்', 'பாலிசி' எல்லாம் வந்துவிடுவதால் நம் துறைக்கு அது நன்றாகவே உதவும். குடும்பம் குடும்பமாகப் படியுங்கள். 'கான்ஸ்டிட்யூட்' தெரிந்தால் 'கான்ஸ்டிட்யூஷன்' என்ற அரசமைப்பும், 'கான்ஸ்டிட்யுயன்சி' என்ற தொகுதியும், 'கான்ஸ்டிட்யுவன்ட் அசெம்பிளி' என்ற அரசமைப்பு நிர்ணய சபையும் ஒரே வேரில் நிற்பது தெரியும்.

2. எதைப் படித்துத் தொடங்குவது

ஆய்விதழில் தொடங்காதீர்கள். நூலகத்தில் கனமான ஆங்கில இதழை எடுத்து வைத்துக்கொண்டு வரிக்கு வரி அகராதி பார்த்து, நான்காம் நாள் கைவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்; நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான்.

தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு அரசியல் அறிவியல் பாடநூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித்தனியே வந்திருக்கின்றன. இரண்டையும் இறக்கி, ஒரே பாடத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். முதலில் தமிழ், உடனே ஆங்கிலம். பள்ளிப் பாடம்தானே என்று கூச்சப்பட வேண்டாம். பொருள் முன்பே தெரிந்த இடத்தில்தான் மொழி மனத்தில் ஒட்டும். தமிழ் நூலில் ஒரு கலைச்சொல் உங்களுக்குப் பிடிக்காவிட்டால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியத்தைப் புரட்டிப் பாருங்கள். சில சொற்களுக்கு அதில் நல்ல தமிழ் கிடைக்கும்.

இரண்டு மாதம் கழித்து என்.சி.இ.ஆர்.டி.யின் ஆங்கில நூல்கள். அவற்றின் நடை எளிது, எடுத்துக்காட்டுகள் எல்லாம் இந்தியாவுடையவை. அதற்குப் பிறகு அரசமைப்பு நிர்ணய சபை விவாதங்கள். இதை மட்டும் தவறவிடாதீர்கள். 1946 டிசம்பர் 9இல் தொடங்கிய சபையின் பேச்சுகள் அனைத்தும் இணையத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. நம்மைப் போலவே ஆங்கிலத்தைப் பள்ளியில் கற்றவர்கள், எதிரில் இருப்பவரை ஆங்கிலத்தில் மறுத்தும் ஏற்றும் பேசிய பதிவு அது. அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்று ஆற்றிய உரையை உரக்கப் படித்துப் பாருங்கள். அரசியலில் சமத்துவம், சமூக வாழ்விலும் பொருளாதார வாழ்விலும் சமமின்மை, இந்த முரணோடு 1950 ஜனவரி 26இல் நுழையப்போகிறோம் என்று அவர் சொல்லும் பகுதியில் கடினமான சொல் அநேகமாக இல்லை. வாதம் கனமாக இருக்கும்போது சொல் கனமாக இருக்க வேண்டியதில்லை என்பதை எனக்குக் கற்றுத் தந்தது அந்தப் பக்கங்கள்தான்.

3. ஒரு வாக்கியத்தோடு அரை மணி நேரம்

வேகமாகப் படிக்க வேண்டிய பயிற்சி பின்னால் வருகிறது. முதலில் மிக மெதுவாகப் படிக்கப் பழக வேண்டும். வாரத்துக்கு ஒரு வாக்கியம் போதும்.

அரசு என்றால் என்ன என்பதற்கு ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் வெபர் 1919இல் மியூனிக் மாணவர்கள் முன் பேசும்போது தந்த வரையறையை எடுத்துக்கொள்வோம். குறிப்பிட்ட நிலப்பரப்புக்குள், முறையான உடல்வலிமைப் பிரயோகத்தின்மீது தனக்கே முற்றுரிமை என்று வெற்றிகரமாக உரிமை கோரும் மனித சமுதாயமே அரசு. ஆங்கில மொழிபெயர்ப்பில் இதன் உயிர் 'கிளெய்ம்ஸ்' என்ற வினையில் இருக்கிறது. உரிமை 'கோருகிறது' என்கிறார். முற்றுரிமை 'இருக்கிறது' என்று சொல்லவில்லை. நகரத்தில் வெட்டுக்குத்து நடக்கிறது, ஆகவே அங்கே அரசு இல்லை என்று யாரும் மடக்க முடியாமல் போவது அந்த ஒரு வினையால்தான். இப்போது 'லெஜிடிமேட்' என்பதை எடுத்துவிட்டுப் படியுங்கள்: கொள்ளைக் கூட்டமும் அரசாகிவிடும். 'குறிப்பிட்ட நிலப்பரப்புக்குள்' என்பதை எடுத்தால் எல்லை தாண்டும் எந்த ஆயுதக் குழுவும் உள்ளே வந்துவிடும். ஒவ்வொரு சொல்லாக விரலால் மறைத்து, மறைத்ததும் என்ன உடைகிறது என்று நோட்டில் எழுதுவதுதான் பயிற்சி.

சட்ட வாசகங்கள் இதற்கு இன்னும் நல்ல களம். மாநில ஆட்சியைக் கலைத்துக் குடியரசுத் தலைவர் ஆட்சி கொண்டுவர இடம்தரும், அரசமைப்பின் 356ஆம் உறுப்பை வகுப்பில் நான் கொடுத்தபோது ஒரு மாணவி, "ஆளுநரின் அறிக்கையைப் பார்த்துக் குடியரசுத் தலைவர் திருப்தி அடைந்தால்" என்று மொழிபெயர்த்தார். சாப்பிட்டு ஏப்பம் விட்டதுபோல இருக்கிறதே என்று வகுப்பு சிரித்தது. அங்கே 'சாட்டிஸ்ஃபைட்' என்பது மகிழ்ச்சியைக் குறிக்கவில்லை. இப்படித்தான் நிலைமை இருக்கிறது என்று மனம் உறுதிப்படுவதைக் குறிக்கிறது. சிரிப்பு அடங்கியதும் அதே வாக்கியத்தில் எல்லோரும் தாண்டிப்போன இரண்டு சொற்களைக் காட்டினேன்: 'ஆர் அதர்வைஸ்'. ஆளுநரின் அறிக்கை வந்தோ, 'அல்லது வேறு வகையிலோ'. 1991 ஜனவரி 30 அன்று கருணாநிதி தலைமையிலான ஆட்சி கலைக்கப்பட்டபோது, கலைக்கச் சொல்லி ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா அறிக்கை தரவில்லை. டெல்லிக்கு அந்த இரண்டு சொற்களே போதுமாக இருந்தன. மூன்றாண்டு கழித்து, 1994இல், கர்நாடக முன்னாள் முதல்வர் எஸ்.ஆர். பொம்மையின் பெயரால் அறியப்படும் பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு இத்தகைய பிரகடனம் நீதிமன்றப் பரிசீலனைக்கு உட்பட்டதே என்றது. 'சாட்டிஸ்ஃபைட்' என்பதற்கு அடிப்படை வேண்டும் என்றாயிற்று. ஒரு நாட்டின் கூட்டாட்சி வரலாற்றை இப்படி மூன்று ஆங்கிலச் சொற்களைப் பிடித்துக்கொண்டே சொல்லிவிடலாம்.

'ஷல்', 'மே' இரண்டையும் இங்கேயே பழகிக்கொள்ளுங்கள். சட்டத்தில் முன்னது கடமை, பின்னது அனுமதி. முதல் உறுப்பு இந்தியா மாநிலங்களின் 'யூனியன்' என்கிறது, 'ஃபெடரேஷன்' என்ற சொல்லைப் போடவில்லை. ஏன் என்று அம்பேத்கர் 1948 நவம்பர் 4 உரையில் விளக்கியிருக்கிறார்: மாநிலங்கள் கூடி ஒப்பந்தம் போட்டு உருவானதல்ல இது, ஆகவே பிரிந்துபோகும் உரிமையும் எந்த மாநிலத்துக்கும் இல்லை. 2021 முதல் தமிழ்நாட்டு அரசு 'மத்திய அரசு' என்பதை விட்டு 'ஒன்றிய அரசு' என்று எழுதத் தொடங்கியபோது நடந்த சண்டையை நினைத்துக்கொண்டு அந்த உரையைப் படியுங்கள். இரு தரப்பும் ஒரே சொல்லிலிருந்து எடுக்கும் பொருள் எவ்வளவு வேறு என்பது தெரியும்.

4. கட்டுரையை முன்னும் பின்னுமாகப் படிப்பது

இருபத்தைந்து பக்க ஆய்வுக் கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை கதைபோலப் படிப்பது வீண். முதலில் தலைப்பும் சுருக்கமும். அடுத்து முன்னுரையின் கடைசி இரண்டு பத்திகள். கட்டுரையாளர் தாம் என்ன சொல்லப்போகிறார் என்பதைப் பெரும்பாலும் அங்கேதான் வைப்பார். பிறகு நேராக முடிவுரை. அதன் பின் உட்தலைப்புகள், ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியம். இவ்வளவும் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். இப்போது நோட்டை மூடிவிட்டு, "இவர் சொல்வது இது, யாரை எதிர்த்துச் சொல்கிறார், எதை வைத்துச் சொல்கிறார்" என்று மூன்று வரி தமிழில் எழுதுங்கள். ஆம், தமிழில். புரிந்ததா என்று சோதிக்கும்போது இன்னொரு சுமையை ஏற்ற வேண்டாம். எழுத வரவில்லையென்றால் உள்ளே போய், தேவையான பகுதியை மட்டும் முழுதாகப் படியுங்கள்.

1966 முதல் இந்தப் பெயரில் வந்துகொண்டிருக்கும் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி' இந்தப் பயிற்சிக்கு ஏற்றது. நமக்குத் தெரிந்த தேர்தல், தெரிந்த கட்சி, தெரிந்த போராட்டம் என்பதால் பாதி பாரம் குறையும்.

ஒரு கண்ணியை மட்டும் எச்சரித்துவிடுகிறேன். பக்கத்தின் தொடக்கத்தில் 'இட் இஸ் ஆஃபன் ஆர்க்யூட் தட்' (இப்படி அடிக்கடி வாதிடப்படுகிறது) என்று வந்தால், புதியவர்கள் அதைக் கட்டுரையாளரின் கருத்து என்று அடிக்கோடிட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் அது அவர் அடுத்த பத்தியில் வெட்டி வீழ்த்தப்போகும் கருத்து. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் பிறர் கொள்கையைச் சொல்லி மறுக்கும் பரபக்கம் முன்னால் வந்து, தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கம் பின்னால் வருகிறதே, அதே முறைதான். பரபக்கத்தை மட்டும் படித்துவிட்டு அதை எழுதிய அருணந்தி சிவாச்சாரியார் கடவுளை மறுக்கும் உலகாயதர் என்று சொன்னால் எப்படியிருக்கும்? 'ஹவெவர்', 'யெட்', 'நெவர்தலெஸ்' போன்ற சொற்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். வண்டி திரும்புவது அங்கேதான்.

5. யார் சொல்கிறார்?

பத்துப் பக்கக் கட்டுரையில் முப்பது இடத்தில் 'செஸ்' (சொல்கிறார்) என்று எழுதும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. வெபர் 'செஸ்', அம்பேத்கர் 'செஸ்', செய்தித்தாள் 'செஸ்'. ஆங்கிலக் கல்வி எழுத்தில் இந்த வினைதான் எழுதுபவர் எங்கே நிற்கிறார் என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

இது நமக்குப் புதிதே அல்ல என்று நான் அடித்துச் சொல்வேன். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் எழுவகை மதம் என்று ஒரு பட்டியல் தந்தார். மதம் என்றால் அங்கே கொள்கை. பள்ளியில் மனப்பாடம் செய்துவிட்டு மறந்திருப்போம். அதை எடுத்துத் தூசி தட்டி, ஆங்கில வினைகளை எதிரில் எழுதிப் பாருங்கள். உடன்படல்: 'அக்ரீஸ்', 'என்டோர்சஸ்'. மறுத்தல்: 'ரிஜெக்ட்ஸ்', 'டிஸ்ப்யூட்ஸ்'. பிறர்தம் மதம் மேற்கொண்டு களைதல் என்பது எதிராளி சொல்வதை ஒரு கட்டம் வரை ஒப்புக்கொண்டு, பிறகு விலக்குவது. ஆங்கிலத்தில் 'கன்சீட்ஸ்' என்று தொடங்கி 'பட்' என்று திரும்பும் வாக்கியம். தானே ஒன்றை நாட்டி அதை நிறுவுதல்: 'ப்ரொபோசஸ்', நிறுவிக் காட்டிவிட்டால் 'டிமான்ஸ்ட்ரேட்ஸ்'. இருவர் மாறுபடும்போது ஒரு பக்கம் துணிதல்: 'சைட்ஸ் வித்'. பிறர் நூலின் குற்றம் காட்டல்: 'கிரிட்டிசைசஸ்'. யாரோடும் சேராமல் தன் மதம் கொள்ளல்: 'டிபார்ட்ஸ் ஃப்ரம்'. ஆய்வு முறையியல் வகுப்பில் இரண்டு வாரம் எடுத்து நடத்துவதை ஒரு நூற்பாவில் அடக்கியிருக்கிறார்.

இவற்றில் இரண்டு இடம் வழுக்கும். 'ரிஃப்யூட்ஸ்' என்றால் மறுத்தார் என்று மட்டும் பொருள் இல்லை. தவறு என்று நிரூபித்துவிட்டார் என்று பொருள். வெறுமனே மறுத்தவருக்கு இதைப் போட்டால் நீங்கள் அவர் கட்சியில் சேர்ந்துவிட்டீர்கள். அதேபோல 'கிளெய்ம்ஸ்' என்று ஒருவரைப் பற்றி எழுதினால், சொல்கிறார், ஆனால் எனக்குச் சந்தேகம் என்ற தொனி பல இடங்களில் ஏறிவிடும். தொனி வேண்டாம் என்றால் 'ஆர்க்யூஸ்' பாதுகாப்பானது.

காலத்தைப் பற்றி அடிக்கடி கேட்பார்கள். வெபர் 1920இல் இறந்துவிட்டாரே, நிகழ்காலத்தில் 'ஆர்க்யூஸ்' என்று எழுதலாமா? வள்ளுவர் சொல்கிறார் என்று நாம் எழுதுவதில்லையா? நூலில் இருக்கும் கருத்துக்கு நிகழ்காலம்; நடந்த நிகழ்ச்சிக்கு இறந்தகாலம். பொம்மை வழக்கில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது நிகழ்ச்சி, ஆகவே 'ஹெல்ட்'.

6. எவ்வளவு உறுதியோடு?

தமிழ்நாட்டில் அரசியல் படிக்க வருகிறவர்களுக்கு மேடைத் தமிழ் ரத்தத்தில் ஊறியிருக்கிறது. அடுக்குமொழி, வரலாற்றுச் சிறப்புமிக்க, தன்னிகரில்லாத, மாபெரும். மேடையில் அது கலை, நானும் ரசிக்கிறவன். கட்டுரையில் அதை ஆங்கிலப்படுத்தி 'கிரேட் லீடர்', 'ஹிஸ்டாரிக் விக்டரி' என்று எழுதியதும் திருத்துபவரின் பேனா இறங்கும். பெரியார், அண்ணா, காமராஜர் யாராக இருந்தாலும் பெயருக்கு முன் அடைமொழி வேண்டாம்.

உறுதியின் அளவைக் கூட்டிக் குறைப்பதற்கு ஓர் எடுத்துக்காட்டை நெருங்கிப் பார்க்கலாம். "1965 மொழிப் போராட்டத்தால் 1967இல் காங்கிரஸ் தோற்றது." இது மாணவர்கள் எழுதும் வாக்கியம். ஆங்கிலத்தில் 'காஸ்ட்' (காரணமானது) என்ற வினையைப் போட்டு அப்படியே எழுதுவார்கள். கொஞ்சம் யோசியுங்கள். அதே 1967இல் கேரளத்திலும் மேற்கு வங்கத்திலும் ஒடிசாவிலும் காங்கிரஸ் தேர்தலில் தோற்றது. அங்கெல்லாம் இந்தி எதிர்ப்புப் போராட்டமா நடந்தது? தமிழ்நாட்டிலேயே அரிசித் தட்டுப்பாடு இருந்தது. சுதந்திராக் கட்சி முதல் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் வரை தி.மு.க. சேர்த்துக்கட்டிய கூட்டணி இருந்தது. மறுபக்கம், விருதுநகரில் காமராஜரைத் தோற்கடித்தவர் மொழிப் போராட்டத்தில் முன்னின்ற மாணவர் தலைவர் பெ. சீனிவாசன் என்பதையும் ஒதுக்க முடியாது.

இவ்வளவையும் பார்த்த பிறகு 'காஸ்ட்' என்று எழுதக் கை வராது. 'கான்ட்ரிப்யூட்டட் டு' வரும்: தோல்விக்குப் பங்களித்தது. மொழிப் போராட்டம் தோல்வியின் அளவைப் பெரிதாக்கியிருக்கக்கூடும் என்று சொல்ல 'மே ஹாவ் டீப்பன்ட்' வரும். இரண்டும் ஒரே காலத்தில் நடந்தன என்பதற்கு மேல் எதுவும் சொல்லக் கையில் ஆதாரம் இல்லையென்றால் 'கோஇன்சைடட் வித்' என்று நிறுத்திக்கொள்ள வேண்டும். தமிழில் தோற்றது, தோற்றிருக்கலாம், தோற்றது போலும் என்று நாம் வேறுபடுத்துவதைப்போலத்தான் இது. ஆனால் பயந்துபோய் எல்லா வாக்கியத்திலும் 'பெர்ஹாப்ஸ்' போடுகிறவர்களும் உண்டு. ஆதாரம் இருக்கும் இடத்தில் நேராகச் சொல்லுங்கள். 1967இல் காங்கிரஸ் தோற்றது என்பதற்கு எதற்குப் 'பெர்ஹாப்ஸ்'?

பயிற்சி எளிது. வாரம் ஒரு பத்தி, 150 சொல், ஒரே ஒரு கருத்து. எழுதி முடித்ததும் ஒவ்வொரு வினையையும் அடிக்கோடிட்டு, இதற்கு என்னிடம் என்ன சான்று இருக்கிறது என்று ஓரத்தில் எழுதுங்கள். சான்று மெலிந்திருந்தால் வினையையும் இளைக்கவையுங்கள். பிறகு, மறுபடியும் நன்னூல்தான்: பத்துக் குற்றம். கூறியது கூறல், மாறுகொளக் கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல். கடைசியில் சொன்ன குற்றம் என் எம்.ஏ. கட்டுரைகள் அனைத்திலும் இருந்தது. தொடக்கம் தடபுடலாக இருக்கும், ஏழாம் பக்கத்தில் மூச்சு வாங்கும்.

7. குறிப்பெடுப்பதும் திருட்டும்

ஆங்கிலம் சரளமாக வராதபோது, புத்தக வாக்கியத்தை அப்படியே தூக்கி வைத்துவிடத் தோன்றும். திருட வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் பிடிபடுகிறவர்கள்தான் அதிகம். குறிப்பெடுக்கும்போதே இரண்டு நிற மை வைத்துக்கொள்ளுங்கள்: புத்தகத்தின் சொல் நீலம், என் சொல் கறுப்பு. பக்க எண்ணை அந்த நிமிடமே எழுதுங்கள். நான்கு சொல்லை மாற்றுவது சொந்த நடையாகாது. புத்தகத்தை மூடிவிட்டுத் தமிழில் பொருளைச் சொல்லிப் பார்த்து, அதிலிருந்து ஆங்கிலத்தில் எழுதினால்தான் ஆகும். தமிழ்வழி மாணவருக்கு இது ஓர் அனுகூலம் என்றே சொல்வேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு உள்ள ஒற்றுமை 10 விழுக்காட்டைத் தாண்டினால் நடவடிக்கை தொடங்குகிறது. 60ஐத் தாண்டினால் ஆய்வுப் பதிவே ரத்தாகும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கட்டுரை எழுதித் தரச் சொல்லாதீர்கள். நீங்கள் எழுதியதைக் கொடுத்து, எந்த வாக்கியம் புரியவில்லை என்று கேளுங்கள். அது சொல்லும் மேற்கோளையும் ஆண்டையும் நூலகத்தில் பார்க்காமல் நம்ப வேண்டாம்; இல்லாத நூலைக்கூட அது பக்க எண்ணோடு தரும்.

8. வகுப்பில் வாய் திறப்பது

கருத்தரங்கில் முதல் முறை பேச நாற்பது நாள் காத்திருந்தேன். பேசியதும் ஒருவர் சிரித்தார். ராணுவப் புரட்சியைக் குறிக்கும் சொல்லை எழுத்துக் கூட்டி 'கூப்' என்று சொல்லியிருந்தேன். கடைசி எழுத்து ஒலிக்காது, அது 'கூ'. பிரெஞ்சிலிருந்து வந்த சொற்கள் இப்படித்தான் காலை வாரும்: 'பூர்ஷ்வா', 'ரெஜீம்', 'லெஸே ஃபேர்', 'டேடாண்ட்'. பெயர்களில் 'ரூசோ', 'ஃபூக்கோ', 'மான்டெஸ்க்யூ'. இணைய அகராதியில் ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டால் உச்சரித்துக் காட்டும். ஐம்பது சொல் தேறினால் பெரும்பாலான அவமானம் தீர்ந்தது. தமிழ் உச்சரிப்பின் சாயல் இருப்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

முழுக் கருத்தைச் சொல்லப் பயமாக இருந்தால் கேள்வியில் தொடங்குங்கள். "இந்த இடத்தில் 'ஸ்டேட்' என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்?" என்பதை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதி மனப்பாடம் செய்துகொண்டு போங்கள். எந்தக் கருத்தரங்கிலும் செல்லுபடியாகும் கேள்வி அது. பேசியவர் பாதி நேரம் திணறுவார்.

9. தேர்வுத் தாள்

கேள்வியின் முதல் வினையைப் படித்துவிட்டுத்தான் பேனாவை எடுக்க வேண்டும். 'டிஸ்க்ரைப்' என்றால் விவரித்தால் போதும். 'எக்ஸ்ப்ளெயின்' என்றால் காரணம் வேண்டும். 'கம்பேர்' என்றால் இரண்டையும் ஒரே அளவுகோலில் வைக்க வேண்டும். முதல் மூன்று பக்கம் இந்தியா, அடுத்த மூன்று பக்கம் அமெரிக்கா என்று எழுதினால் அது ஒப்பீடு ஆகாது. 'கிரிட்டிகலி எக்ஸாமின்' என்றதும் திட்டத் தொடங்கிவிடுகிறார்கள். வாதத்தின் பலத்தையும் பலவீனத்தையும் சீர்தூக்கி, கடைசியில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று சொல்வதுதான் அது. எழுவகை மதத்தில் எது உங்களுடையது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மக்களாட்சி பற்றிக் கேள்வி வந்ததுமே லிங்கன் 1863இல் கெட்டிஸ்பர்க்கில் சொன்ன வாக்கியத்தில் தொடங்காதீர்கள். திருத்துபவர் அன்று காலையிலிருந்து அதை நாற்பது தாளில் படித்திருப்பார். எழுதியே தீருவேன் என்றால், லிங்கன் அங்கே பேசியது 'கவர்ன்மென்ட்' பற்றி, 'ஸ்டேட்' பற்றியல்ல என்பதையாவது பார்த்து எழுதுங்கள்.